இடநெருக்கடி உள்ளவர்களுக்கு மட்டும்

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் சௌக்கியம். அங்கே நீ, உன் வீட்டுக்காரி, சின்னவள் மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள்? வீட்டுக்காரியின் முட்டிவலி குறைந்ததா? சின்னவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா, இல்லை இன்னும் தட்டில் கோலம் போட்டுவிட்டு எழுந்துபோகிறாளா?

கையில் போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று முழிக்காதே. போனில் பேசினால் ரெண்டாவது நிமிஷம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. போன தடவை எதற்காகச் சண்டை போட்டோம் என்று யோசித்துப் பார்த்தேன். அப்பா எந்தக் கையில் வாட்ச் கட்டினார் என்பதற்காக. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. எனக்கு அது கஷ்டம், உனக்கு விடுதலை.

எங்கள் நகராட்சியில் ஒரு பெரிய முடிவு எடுத்திருக்கிறார்கள். கட்டடத்தில் மேல் மாடிகள் பாதி காலியாகக் கிடக்கின்றனவாம். பொதுமக்கள் வந்து போகும் கவுண்டர்கள் மட்டும் கீழே இருக்கும். மற்ற எல்லோரும் இனிமேல் வீட்டிலிருந்தே வேலை பார்க்க வேண்டும். மேலே காலியாகும் கூடத்தில் மேசை நாற்காலி போட்டு, வெளியூர்க் கம்பெனிகளுக்கு லேப்டாப்பில் வேலை செய்கிறவர்களுக்கு வாடகைக்கு விடப் போகிறார்கள். பெயர், பொதுப் பணிக்கூடம்.

மன்றக் கூட்டத்தில் பேசுவதைக் குறிப்பெடுத்துத் தீர்மானமாக எழுதுவதுதானே என் பிழைப்பு? அன்றைக்கும் நான்தான் எழுதினேன். ஒரு கவுன்சிலர், "நம்ம ஆபீஸ் ஆளுங்களும் அங்க வந்து உக்காரலாமா?" என்று கேட்டார். தலைவர் சிரித்துவிட்டார். "அவங்களைத்தான வீட்டுக்கு அனுப்புறோம்? அவங்களே திரும்பி வந்து உக்காந்தா நாம எதுக்கு இந்தக் கூத்து அடிக்கணும்?" எல்லோரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். சிரிப்பை எப்படி எழுதுவது? நான் எழுதினேன்: "மேற்படி கூடத்தை நகராட்சி ஊழியர்கள் பயன்படுத்துதல் கூடாது எனத் தீர்மானிக்கப்பட்டது." தலைவர் படித்துப் பார்த்துவிட்டு, "நான் இவ்வளவு அழகாவா பேசினேன்?" என்றார். உன் அக்காவின் கைவண்ணம் அப்படி.

பதில் போடு. உனக்கு ரெண்டு வரிக்கு மேல் வராது என்று தெரியும், அந்த ரெண்டு வரியையாவது போடு.

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு அனைவரும் நலம். முட்டிவலி பரவாயில்லை. சின்னவள் நன்றாகப் படிக்கிறாள். இருவரும் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பது சுகம்தான். நான் பார்க்கவில்லையா? பஸ்ஸுக்கு ஓட வேண்டாம். யார் முகத்தையும் பார்த்து இளிக்க வேண்டாம். நான் பாட்டுக்கு என் அறையில் உட்கார்ந்து எங்கள் கம்பெனி லாரிகள் எந்த ரோட்டில் நிற்கின்றன என்று திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நின்றால் ஏன் நிற்கிறாய் என்று டிரைவருக்குச் செய்தி அனுப்புவேன். பொழுது போய்விடும்.

அப்பா இடது கையில்தான் வாட்ச் கட்டினார்.

இப்படிக்கு,
தம்பி

*

மார்ச் 16

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் மூவரின் நலம் அறிந்து சந்தோஷம். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அப்பா வாட்ச் கட்டியது வலது கையில்தான்.

ஆபீஸைக் காலி செய்துவிட்டார்கள். என் மேசையைத் தூக்கிக்கொண்டு போனபோது நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. வரிப்பிரிவுக்காரியும் நானும் இத்தனை வருஷம் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டே டீ குடித்தவர்கள். அவள் வீடு ஊரின் அந்தக் கோடி. "அடிக்கடி பாப்போம்டி" என்றாள். அடிக்கடி பார்ப்போம் என்று சொல்லிப் பிரிகிறவர்கள் எங்கே பார்த்துக்கொள்கிறார்கள்?

என் வீடு உனக்குத் தெரியும். ஒரு அறை, ஒரு அடுப்படி. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். மேசையைச் சுவரோரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை சிலிண்டர் போடுகிறவன் வந்து கதவைத் தட்டினான். "யாருப்பா?" என்று கேட்டேன். குரல் கரகரவென்று யாரோ கிழவி பேசுவது போல வந்தது. அப்போதுதான் உறைத்தது, திங்கட்கிழமையிலிருந்து நான் வாயே திறக்கவில்லை. நான்! நம்புவாயா?

சரி, வாடகை கொடுத்தாவது அந்தப் பணிக்கூடத்தில் போய் உட்காருவோம் என்று கிளம்பினேன். அழகாக இருக்கிறதடா. முன்பு நாங்கள் உட்கார்ந்த அதே கூடம்தான், வெள்ளை அடித்திருக்கிறார்கள். நாலைந்து பேர் ஆளுக்கொரு மூலையில் தட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலில் இருந்த பெண் என் அட்டையைப் பார்த்தாள். "நீங்க நகராட்சியா? உங்களுக்கு இல்லம்மா" என்று கண்ணாடிக் கதவைக் காட்டினாள். அங்கே பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது என்ன தெரியுமா? நான் எழுதிய வாக்கியம். ஒரு எழுத்து மாறாமல். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். நின்று வாய்விட்டுச் சிரித்தேன். அந்தப் பெண் பயந்துவிட்டாள்.

ஆனால் நான் விடப் போவதில்லை. ஊழியர்களையும் அனுமதிக்க வேண்டும் என்று மன்றத்துக்கு மனு எழுதிவிட்டேன். வேலை எங்கிருந்தாலும் நடக்கும். எனக்குப் பக்கத்தில் நாலு பேர் இருமிக்கொண்டும் நாற்காலியை இழுத்துக்கொண்டும் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

நீ எப்படிச் சமாளிக்கிறாய்? உனக்கென்ன, கூப்பிட்டால் வர வீட்டில் ரெண்டு பேர் இருக்கிறார்கள். ஆனாலும் ஏதாவது யோசனை இருந்தால் சொல்.

அன்புடன்,
அக்கா

*

மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் கடிதம் கிடைத்த அன்றே எழுதுகிறேன்.

காலையில் எழுந்து குளித்து, வெளியே போகிற உடுப்பைப் போடு. செருப்பை மாட்டிக்கொண்டு கதவைப் பூட்டித் தெருமுனை வரை போய்த் திரும்பி வா. வேலைக்கு வந்த மாதிரி இருக்கும். சாயங்காலமும் அதேபோல் ஒரு நடை, வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்.

கடைக்குப் போனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கிவிடாதே. உப்பை விட்டுவிட்டு வா. மறுநாள் போக ஒரு காரணம் கிடைக்கும். கடைக்காரர் "நேத்துதான வந்தீங்க?" என்று கேட்பார். அதுவும் ஒரு பேச்சுத்தானே.

சாப்பிடும்போது எதிர் நாற்காலியைச் சும்மா விடாதே. ஒரு பையையாவது வை. காலியாக இருந்தால் கண் அங்கேயே போகும்.

முக்கியமானது ரேடியோ. நீ இருக்கிற அறையில் வைக்காதே, அடுத்த அறையில் வை. உனக்கு அடுப்படி. சத்தத்தை நன்றாகக் குறைத்துவிடு. என்ன பேசுகிறார்கள் என்று புரியக் கூடாது. யாரோ பேசுகிறார்கள் என்று மட்டும் தெரிய வேண்டும். வேலை ஓடும்.

குரல் கட்டாமல் இருக்க, வருகிற செய்திகளை வாய்விட்டுப் படி. நான் லாரி நம்பர்களைப் படிப்பேன்.

மனு நல்லபடி முடியட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
தம்பி

*

ஏப்ரல் 8

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத வேண்டும். இந்த முறை ஆவல் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது.

உன் வாழ்நாளில் நீ எழுதிய மிக நீளமான கடிதம் இதுதான். நாலு தடவை படித்தேன். எல்லாவற்றையும் செய்தும் பார்த்தேன். பலிக்கிறதடா. ரேடியோவை அடுப்படியில் முணுமுணுக்க விட்டால், யாரோ வந்து எனக்குச் சமைத்துக்கொண்டிருக்கிற மாதிரியே இருக்கிறது. மத்தியானம் எழுந்து போய்ப் பார்த்தால் அடுப்பு அணைந்து கிடக்கிறது, அப்போதுதான் கோபம் வருகிறது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். உன் வீட்டில் ரெண்டு பொம்பளைகள் இருக்கும்போது உனக்கு எதற்கடா அடுத்த அறையில் ரேடியோ? சாப்பிடும்போது எதிர் நாற்காலியில் பையை வைத்தால் உன் வீட்டுக்காரி எங்கே உட்காருகிறாள்?

அடுத்த கடிதத்தில் சின்னவளை அவள் கையால் ரெண்டு வரி எழுதச் சொல். அத்தை கேட்டதாகச் சொல்.

மனு அடுத்த மாதக் கூட்டத்துக்கு வருகிறது. இப்போதெல்லாம் கூட்டத்தையும் நான் வீட்டிலிருந்து திரையில்தான் பார்த்து எழுதுகிறேன். தலைவர் சின்னக் கட்டத்துக்குள் பேசுகிறார். மேசையைத் தட்டுவது கேட்பதில்லை.

சீக்கிரம் எழுது.

அன்புடன்,
அக்கா

*

மே 20

அன்புள்ள தம்பிக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். உன்னிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. சண்டை வந்தாலும் வரட்டும் என்று போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. "வேலையில் இருக்கிறேன்" என்று ஒரு செய்தி வந்தது. ராத்திரி சாப்பாட்டு வேளையில் என்னடா வேலை?

என் கதையைக் கேள். மனு பாதி ஜெயித்தது. ஊழியர்களும் பணிக்கூடத்தில் உட்காரலாம் என்று மன்றம் ஒத்துக்கொண்டது. நான் இங்கே நாற்காலியில் குதித்தேன். அடுத்த நிமிஷம் ஒரு கவுன்சிலர், "எல்லாரும் கிளம்பி வந்துட்டா? வீட்டுல இடம் இல்லாதவங்களுக்கு மட்டும் குடுப்போம்" என்றார். சரி என்றார்கள். நானே என் கையால் எழுதினேன்: "இடநெருக்கடி உள்ளவர்களுக்கு மட்டும்." வேறு என்ன எழுத முடியும்? பேசாததை எழுதினாலாவது ஒரு தப்பு, பேசியதை எழுதாமல் விட்டால் ரெண்டு தப்பு.

மறுநாளே நாற்காலி ஆபீசர் முன்னால் போய் நின்றேன். பணிக்கூடத்தில் இடம் ஒதுக்குகிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் அது.

"வீட்டுல எத்தனை பேரும்மா?"

"நான் மட்டும்தாங்க."

"நீங்க மட்டுமா? அப்புறம் என்னங்க, ராஜ வாழ்க்கை! தொந்தரவே இல்லாம வேலை பாக்கலாமே."

"தொந்தரவு இல்லாததுதாங்க தொந்தரவு."

அவர் நல்ல மனுஷர்தான். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "அதுக்கு இதுல இடம் இல்லம்மா" என்றார். வரிப்பிரிவுக்காரிக்குக் கிடைத்துவிட்டது, அவள் வீட்டில் மாமியார், மூன்று பிள்ளைகள், புருஷனுடைய தம்பி. அவள் அங்கே வந்து நிம்மதியாகக் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கூட்டத்தில் இருப்பவளுக்கு இன்னொரு கூட்டம். ஆளே இல்லாதவளுக்கு ஆளே கிடையாது.

மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இருந்தது. கல்யாணம் வேண்டாம் என்று சொன்னபோது அழாதவள், அப்பா போனபோதுகூட எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தவள், ஒரு நாற்காலிக்கு அழுதேன்.

நீ எழுது. நான் கேட்டதற்குப் பதில் இல்லாவிட்டாலும் எழுது.

அன்புடன்,
அக்கா

*

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு அனைவரும் நலம். வேலை அதிகம், அதனால் தாமதம். மன்னித்துக்கொள்.

நாற்காலி கிடைக்காதது வருத்தம். அடுத்த முறை பார்க்கலாம்.

சின்னவள் வெளியூர் போயிருக்கிறாள். துணைக்கு அவள் அம்மாவும் போயிருக்கிறாள். வந்ததும் எழுதச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தம்பி

*

ஜூன் 11

தம்பி,

நலம் விசாரிக்கத்தான் இந்தக் கடிதமே, அதனால் தனியாக விசாரிக்கவில்லை.

முப்பது வருஷமாக, ஜனங்கள் பேசும்போது எதை விழுங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவள் நான். எனக்கு ரெண்டே கேள்வி. அவர்கள் எப்போது போனார்கள்? எப்போது வருவார்கள்?

திட்ட மாட்டேன். குறுக்கே பேசவும் மாட்டேன். நீ எழுதி முடிக்கிற வரைக்கும் இங்கே காத்துக்கொண்டிருப்பேன்.

அக்கா

*

ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம்.

அவர்கள் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சின்னவளுக்கு வேறு ஊரில் கல்லூரி கிடைத்தது. கொஞ்ச நாள் கூட இருந்துவிட்டு வருகிறேன் என்று அவள் அம்மாவும் போனாள். அங்கேயே வீடு பார்த்துக்கொண்டாள். பிறகு ஒருநாள் போனில், இனி வரவில்லை என்று சொல்லிவிட்டாள். சண்டை எதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீங்க வீட்டுலதான் இருக்கீங்கன்னு ஊருக்கே தெரியும். எனக்குத் தெரிஞ்சது அந்த ரூம் கதவு மட்டும்தான். உள்ள மீட்டிங், உள்ள மீட்டிங்னு மிக்ஸிகூடப் போடாம, பிள்ளையச் சத்தமாச் சிரிக்க விடாம இத்தனை வருஷம் இருந்தேன். நீங்க ஆபீஸ் போயிருந்தீங்கன்னா சாயங்காலமாவது வீட்டுக்கு வந்திருப்பீங்க."

சத்தம் வராமல் இருக்கக் கதவிடுக்கில் துணி செருகி வைத்தவன் நான்தான். இப்போது மிக்ஸி சத்தம் கேட்காதா என்று இருக்கிறது. சின்னவள் ஞாயிற்றுக்கிழமை பேசுகிறாள். "சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்பேன். பிறகு போனை வைத்துவிடுவோம்.

உன்னிடம் ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். நீ முதல் கடிதத்திலேயே முட்டிவலி எப்படி, சின்னவள் சாப்பிடுகிறாளா என்று கேட்டாய். பரவாயில்லை, நன்றாகப் படிக்கிறாள் என்று எழுதும்போது அவர்கள் வீட்டில் இருப்பது போலவே இருந்தது. உனக்கு எழுதும் கடிதத்தில் மட்டும்தான், அக்கா, அவர்கள் இருந்தார்கள். அங்கிருந்தும் அனுப்பிவிட மனம் வரவில்லை.

இப்படிக்கு,
தம்பி

*

ஜூலை 15

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. படித்தேன். அழுதேன். முகம் கழுவிவிட்டு இதை எழுதுகிறேன். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை, உன் மேலும் இல்லை. சின்னவளுக்குத் தனியாக எழுதப் போகிறேன், அதை நீ தடுக்க முடியாது.

இப்போது எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். நாற்காலி ஆபீசரை மறுபடி போய்ப் பார்த்தேன். இடநெருக்கடி என்றால் என்ன கணக்கு என்று கேட்டேன். ஒரே அறையில் ரெண்டு பேர் உட்கார்ந்து வேலை பார்த்தால் அது இடநெருக்கடியாம். நேரில் வந்து பார்த்துவிட்டு அனுமதி தருவார்களாம். எனக்கு ஒரு அறை இருக்கிறது. ஒரு ஆள் குறைகிறது.

உன் லாரிகள் எங்கிருந்து பார்த்தாலும் லாரிகள்தானே? லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இங்கே வா. ஜன்னல் பக்கம் உனக்கு, சுவர்ப் பக்கம் எனக்கு. நீ கம்பெனிக்காரர்களோடு பேசும்போது நான் கூட்டக் குறிப்பை வாய்விட்டுப் படிப்பேன். உனக்கு எரிச்சல் வரும். காலை நீட்டினால் என் நாற்காலி இடிக்கும். அடுப்படிக்குப் போக வேண்டுமென்றால் ஒருத்தர் எழுந்து வழிவிட வேண்டும். அதைவிட நெருக்கடி இந்த ஊரில் எவன் காட்டிவிடுவான்?

இதில் உனக்காக ஒன்றும் இல்லை. எனக்கு அந்த நாற்காலி வேண்டும், அதற்காகத்தான் கூப்பிடுகிறேன். அக்காவுக்கு ஒரு உதவி செய்கிறதாக நினைத்துக்கொள்.

பாய் ஒன்று புதிதாக வாங்கிவிட்டேன். அதை வைத்து நீ வந்துதான் ஆக வேண்டும் என்று அர்த்தமில்லை. வாங்கிவிட்டேன், அவ்வளவுதான்.

அன்புடன்,
அக்கா

*

ஆகஸ்ட் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் நலமும் அப்படியே இருக்கட்டும், நேரில் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

கம்பெனியில் கேட்டேன். எங்கிருந்து வேண்டுமானாலும் பார், லாரி நின்றால் சொல், போதும் என்றார்கள். இத்தனை வருஷம் கேட்காமலே இருந்திருக்கிறேன். வீட்டைப் பூட்டிச் சாவியை மாடிவீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுவேன். சின்னவளிடம் சொன்னேன். "அத்தை வீட்டுக்கா? நீங்களாப்பா?" என்று சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாயிற்று. லீவுக்கு அங்கேயே வருகிறேன் என்றாள். வந்தால் நெருக்கடி இன்னும் கூடும், ஆபீசரிடம் முன்கூட்டியே சொல்லி வை.

உன் வீட்டில் உள்ளே போய்ச் சாத்திக்கொள்ள இன்னொரு அறை இல்லை என்பது எனக்கு நல்லதுதான்.

வியாழக்கிழமை சாயங்கால ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வராதே, எனக்கு வழி தெரியும். வந்தாலும் பரவாயில்லை.

ஒன்று கேட்க வேண்டும். உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை, அதனால் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. ஆபீசர் வரட்டும், பார்க்கட்டும், அனுமதி கொடுக்கட்டும். நீ நாற்காலிக்காக அவ்வளவு அலைந்திருக்கிறாய், அது உனக்குக் கிடைக்க வேண்டும். ஆனால் கிடைத்தவுடனே கிளம்பிப் போய்விடாதே அக்கா. கொஞ்ச நாள் வீட்டிலேயே இரு.

இப்படிக்கு,
உன் தம்பி